கண்மாய்த் தண்ணீர் யாருக்கு, எந்த மட்டம் வரை, எந்தத் தேதி வரை?

சிவகங்கை மாவட்டத்தில் 260 ஏக்கர் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) கொண்ட ஒரு கண்மாயின் பாசன சங்கத்தில் புதிதாகப் பொறுப்பேற்ற இளைஞர் ஒருவர் கேட்டிருப்பது இது: "தை மாதத்தில் நெல்லுக்கு மடையைத் திறக்கச் சொல்கிறார்கள் விவசாயிகள். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் அடைக்கச் சொல்கிறார். கிணறு வைத்திருப்பவர்கள், கண்மாயில் தண்ணீர் கிடந்தால்தான் ஊற்று நிற்கும் என்கிறார்கள். வண்டல் அள்ள ஒரு தரப்பு, கருவேல மரத்தை ஏலம் விட ஒரு தரப்பு. நீடித்த வேளாண்மை பற்றிய பயிற்சி ஒன்றில், எல்லாருடைய நலனையும் சமமாகப் பேண வேண்டும் என்றார்கள். எப்படி என்று மட்டும் யாரும் சொல்லவில்லை."

பயிற்சியில் சொன்ன வாக்கியத்தில் தவறில்லை; ஆனால் அதைக் கூட்டத்தில் அப்படியே எடுத்துவைத்தால் மூன்று மணி நேரம் சண்டைதான் நடக்கும். "விவசாயியின் நலன்", "மீன்காரரின் நலன்" என்று பேசத் தொடங்கினாலே ஒருவர் வென்றால் மற்றவர் தோற்பார் என்ற நிலை வந்துவிடுகிறது. கண்மாயைப் பொறுத்தவரை ஒவ்வொரு கோரிக்கையும் உண்மையில் இரண்டு எண்கள்தாம்: தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும், எந்தத் தேதி வரை நிற்க வேண்டும். இந்த இரண்டையும் ஒவ்வொருவர் வாயாலும் சொல்லவைத்துவிட்டால், தீராப் பகை போலத் தெரிந்த பல தகராறுகள் அரை அடித் தண்ணீருக்கும் பத்து நாள் இடைவெளிக்கும் சுருங்கிவிடும். அதற்குப் பிறகும் தீராமல் நிற்பவை தண்ணீர்க் கணக்கால் தீராதவை. அவை நிலமும் பணமும் சம்பந்தப்பட்டவை. அவற்றைக் கடைசியில் பார்க்கலாம்.

நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில் குத்தகைதாரர் "நெஞ்சளவு தண்ணீர் வேண்டும்" என்றார், விவசாயிகள் "முழங்காலளவு இருந்தால் போதாதா" என்றார்கள். யாருடைய நெஞ்சு, கண்மாயின் எந்த இடத்தில் நிற்கும்போது என்று கேட்டபோது இரு பக்கமும் விழித்தார்கள். மறுநாள் எல்லோரும் பெரிய மடைக்குப் போனோம். மடைத்தூணில் மடையின் அடிமட்டத்திலிருந்து அரை அடிக்கு ஒரு கோடாக வெள்ளைப் பெயிண்ட் அடித்து, குத்தகைதாரரையே சிவப்புக் கோடு போடச் சொன்னோம். அவர் போட்ட கோடு விவசாயிகள் காட்டிய மட்டத்தைவிட ஒன்றரை அடிதான் உயரம். அதுவரை நான்கு வருடமாக நடந்த வழக்கும் வாய்த்தகராறும் அந்த ஒன்றரை அடிக்காகத்தான் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

அந்த ஒன்றரை அடியின் மதிப்பையும் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். கண்மாய் கிண்ணம் போன்றது; நிறைந்திருக்கும்போது நூறு ஏக்கர் பரந்து கிடக்கும் தண்ணீர், தை மாதத்தில் நாற்பது ஏக்கருக்குச் சுருங்கியிருக்கலாம். நாற்பது ஏக்கர் பரப்பில் ஓர் அடித் தண்ணீர் என்பது ஏறத்தாழ 49,000 கன மீட்டர். ஒரு ஏக்கரில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் கட்ட 200 கன மீட்டர் வேண்டும். வாய்க்காலில் பாதி வீணாகும் என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஓர் அடி 120 ஏக்கர் நெல்லுக்கு ஒரு தண்ணீர் கொடுக்கும். பால் பிடிக்கும் பருவத்தில் கிடைக்கும் அந்த ஒரு தண்ணீர்தான் மணிக்கும் பதருக்கும் உள்ள வேறுபாடு. திறக்காமல் வைத்திருந்தால் என்ன ஆகும்? நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று மிதமாகவே கொண்டால்கூட, முப்பது நாளில் 15 சென்டிமீட்டர், அதாவது ஓர் அடியில் பாதி, யாருக்கும் பயன்படாமல் வெயிலோடு போய்விடும். தேக்கிவைப்பதே சேமிப்பு என்ற எண்ணம் ஆழமில்லாத கண்மாய்க்குப் பொருந்தாது என்பதை இந்தக் கணக்கு சொல்லாமல் சொல்லிவிடும்.

மீன்காரர் பக்கம் நியாயமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். குத்தகைக்குக் கணக்காகும் பசலி ஆண்டு (வருவாய்த் துறைக் கணக்காண்டு) ஜூலையில் தொடங்குகிறது, கண்மாய் நிறைவதோ ஐப்பசி, கார்த்திகையில்; அதன் பிறகு விடும் விரலளவுக் குஞ்சு தை மாதத்தில் விலைக்குப் போகும் எடைக்கு வராது. அவர் கேட்பது உண்மையில் தண்ணீரை அன்று, வளர்வதற்கான நாட்களை. அந்த நாட்களை வேறு வழியில் கொடுக்கலாம்: நாற்றங்கால் குளத்தில் ஏற்கெனவே வளர்த்த பெரிய குஞ்சுகளை விட்டால் அறுவடை ஒன்றரை, இரண்டு மாதம் முன்னே வரும். குஞ்சுச் செலவு கூடும். அந்தக் கூடுதலைக் குத்தகைத் தொகையில் கழித்துக்கொள்ள ஏலத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டால், ஏலம் எடுப்பவர் அதற்கேற்பக் கேட்பார். பாசனத்துக்கு இடையூறு செய்யக் கூடாது என்ற நிபந்தனை குத்தகை ஒப்பந்தங்களில் வழக்கமாகவே உண்டு. ஆனால் மட்டமும் தேதியும் எழுதாத நிபந்தனை, நள்ளிரவில் மடையை அடைத்துவிட்டுப் போகிறவரை எந்த வகையிலும் கட்டுப்படுத்தாது.

இன்னொரு வழி மடைக்குக் கீழே இருக்கிறது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழ் தங்கும் தண்ணீர் எப்படியும் பாசனத்துக்கு வராது. அந்தப் பகுதியில் ஒரு மடுவை ஆழப்படுத்தினால் மீன், மாடு, பறவை மூன்றுக்கும் விவசாயியின் பங்கைத் தொடாமல் தண்ணீர் கிடைக்கும். பரப்பு சிறிது என்பதால் ஆவியாவதும் குறைவு. இதற்குத் தனியாகப் பணம் தேட வேண்டியதில்லை, வண்டல் எடுப்பதையே இதற்கு வழியாக்கலாம். சிறு கனிம விதிகளின்படி விவசாயிகள் வண்டலை இலவசமாக எடுக்கலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர், மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டர் என்று 2017-இல் அளவு வகுத்தார்கள். 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற முடிகிறது. உங்கள் 260 ஏக்கரும் 75 கன மீட்டர் வீதம் எடுத்தால் மொத்தம் 19,500 கன மீட்டர்; அது ஐந்து ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு மடு. ஒரே கோடையில் முடியாது, மூன்று நான்கு கோடையில் முடியும். எங்கே வெட்டுவது என்பதைச் சங்கம் முன்கூட்டியே குச்சி நட்டுக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அவரவர் வண்டி ஏறும் இடத்தில், கரையை ஒட்டியே தோண்டுவார்கள். கரையின் அடி அரித்தால் அடுத்த மழைக்கு உடைப்புதான்.

வண்டல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 75 கன மீட்டர் என்பது சுமார் 26 டிராக்டர் நடை. ஓர் ஏக்கரில் சமமாகப் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. வயலுக்குப் போகும் மண் இந்த அளவில்தான் இருக்கும். ஒருவர் பெயரில் நாள்தோறும் டிப்பர் லாரி ஓடுகிறது என்றால் அது செங்கல் சூளைக்கோ மனை மேடு நிரவவோ போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். வண்டலுக்குக் கீழே இருக்கும் இறுகிய களியையும் சேர்த்து அள்ளிவிட்டால் கண்மாயில் தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும். கிணற்றுக்காரர்கள் இதை உள்ளூர வரவேற்பார்கள் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

அடுத்தது கலிங்கு, அதாவது நிறைந்த கண்மாயின் உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறும் அமைப்பு. இங்கேதான் உங்கள் ஊருக்குள் மட்டும் பேசித் தீர்க்க முடியாத பிரச்சினை இருக்கிறது. தென் மாவட்டக் கண்மாய்கள் பெரும்பாலும் சங்கிலித்தொடர். மேல்கண்மாயின் மறுகால், அதாவது வழிந்தோடும் தண்ணீர்தான் கீழ்கண்மாயின் வரத்து. கலிங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கி அரை அடி உயர்த்தினால் உங்கள் ஊருக்கு லாபம். உள்வாயை (தண்ணீர் தேங்கும் உட்பகுதியை) ஒட்டிய பட்டா நிலம் மூழ்கும், கீழ் ஊருக்குத் தண்ணீர் பத்து நாள் தாமதமாகும் அல்லது வராமலே போகும். உள்வாயில் உழுதிருப்பவருக்கு இதற்கு நேர் எதிரான அவசரம் இருப்பதால், அவர் கலிங்கை இரவில் உடைத்துவிடப் பார்ப்பார். இந்த இரண்டையும் வாய்வழக்கை நம்பித் தீர்க்க முடியாது. 1883-இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய ஏரி சீரமைப்புத் திட்டத்தில் ஒவ்வொரு கண்மாய்க்கும் மடை மட்டம், கலிங்கு மட்டம், முழுக் கொள்ளளவு மட்டம், ஆயக்கட்டு ஆகியவற்றைப் பதிந்த குறிப்பேடு தயாரித்தார்கள்; அலுவலகத்தில் டேங்க் மெமாயர் என்று கேட்டால் தெரியும். நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் கண்மாய் நீர்வளத் துறைப் பொறுப்பு, குறைந்தால் ஊராட்சி ஒன்றியப் பொறுப்பு. 260 ஏக்கர் என்பது நூறு ஹெக்டேரைத் தாண்டுவதால் நீங்கள் நீர்வளத் துறையின் பாசனப் பிரிவு அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். அதில் உள்ள கலிங்கு மட்டத்தை இரண்டு ஊரும் ஏற்றுக்கொண்டால் மணல் மூட்டைப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

உள்வாய் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. முதலில் அளந்து எல்லைக்கல் நட வேண்டும். சட்டம் வேறுபாடு பார்க்காது. ஆனாலும் தண்ணீர் வடிந்த ஈரத்தில் கோடையில் அரை ஏக்கர் வெள்ளரி போட்டு, மழை வந்ததும் விட்டுவிட்டு வருபவரையும், உள்வாய்க்குள் வரப்பை உயர்த்தி ஆழ்துளைக் கிணறு போட்டு நிரந்தரமாக உட்கார்ந்திருப்பவரையும் ஒன்றாக நிறுத்துவது சரியல்ல என்பது என் கருத்து. முன்னவர் கண்மாய் நிறைவதைத் தடுப்பதில்லை. பின்னவர் கண்மாய் நிறையவே கூடாது என்று விரும்புகிறவர். எல்லா ஊரிலும் முதலில் அகற்றப்படுபவர் வெள்ளரிக்காரராகவே இருப்பது தற்செயல் இல்லை.

சீமைக்கருவேலம் பற்றிக் கேட்டால் உடனே வேரோடு பிடுங்கு என்பார்கள். நானும் பிடுங்கத்தான் சொல்வேன், ஆனால் எந்த மாதத்தில், யார் வெட்ட, பணம் யாருக்கு என்று முடிவு செய்த பிறகு. சிவகங்கையிலும் இராமநாதபுரத்திலும் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களுக்கு இந்த மரம்தான் வறட்சி ஆண்டின் வருமானம். ஒரே ஏலத்தில் பொக்லைன் வைத்து வழித்தெடுத்தால் பணம் ஒப்பந்தக்காரருக்குப் போகும். பகுதி பகுதியாகக் கைவெட்டுக்கு விட்டால் கூலி ஊருக்குள் தங்கும், வேகம் மட்டும் குறையும். நாட்டுக் கருவேலத்தை இதோடு சேர்த்துவிடக் கூடாது. கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேலத்தில்தான் கொக்கும் நாரையும் கூடு கட்டும், குஞ்சு பறந்து முடிய மாசி, பங்குனி ஆகும். எனவே சீமைக்கருவேல வெட்டு ஆனியிலிருந்து ஆவணிக்குள் முடிய வேண்டும். பறவைக்காக ஊர் விட்டுக்கொடுப்பதா என்று கேட்பவர்களை உங்கள் மாவட்டத்திலேயே திருப்பத்தூர் அருகே உள்ள வேட்டங்குடிக்கு அழைத்துப் போங்கள். 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கண்மாய்கள் பாசனத்துக்கும் உரியவை. அருகிலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் விவசாயிகளின் கணக்கு இன்னும் தெளிவானது: எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அறிந்தே, சட்டம் வருவதற்கு முன்பிருந்து அவர்கள் பறவைகளைக் காத்தார்கள்.

இதுவரை சொன்னவை மட்டத்தாலும் தேதியாலும் தீருபவை. கிணறு அப்படித் தீருவதில்லை. 1990 முதல் விவசாய மின்சாரம் எல்லோருக்கும் இலவசம் என்ற நிலையில், ஆயக்கட்டுக்குள் கிணறு உள்ளவருக்கு மடை திறக்கும் தேவை குறைந்துவிட்டது. கண்மாய் அவருக்கு ஊற்றை நிரப்பும் தொட்டி. கரையைப் பலப்படுத்தவும் வாய்க்கால் தூர்வாரவும் அவர் வரமாட்டார், ஏனென்றால் வாய்க்கால் அவருக்குத் தேவையில்லை. பத்துக் கிணறு இருக்கும்வரை அது கண்மாய்க்குத் துணை, கடைசித் தண்ணீர் தவறும் ஆண்டில் பக்கத்து வயலையும் காப்பாற்றும். அறுபது கிணறானால் சங்கமே இல்லாமல் போகும். கிணற்றை யாரும் மூடப்போவதில்லை. ஆகவே சங்கம் கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, பராமரிப்புப் பங்கு, மடைப்பாசனக்காரருக்கு எவ்வளவோ அதே அளவு ஏக்கர் கணக்கில் கிணற்றுக்காரருக்கும் உண்டு, ஊற்று கண்மாயினுடையது. இரண்டு, மடைத் தண்ணீர் முடிந்தபின் கடைமடை வயல்களுக்கு மணிக்கு இவ்வளவு என்று பருவத் தொடக்கத்திலேயே எழுதிவைத்த விலைக்குத் தண்ணீர் தர வேண்டும். கதிர் வாடும் நாளில் பேசும் விலை, விலையாக இருக்காது.

தீராத இன்னொன்று, நிலமில்லாதவர்களின் இடம். பழைய காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அந்தப் பராந்தகன் காலக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் இருந்தது உண்மை. ஆனால் குடவோலையில் பெயர் எழுதப்படக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும் என்பதும் அதே கல்வெட்டில்தான் இருக்கிறது. ஊரார் கூடிக் கண்மாயைப் பராமரிப்பதை, குடிமராமத்து என்று நாம் பெருமையோடு சொல்வதற்கும் 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் தேவைப்பட்டது. மடையைத் திறந்து அடைக்கும் நீர்ப்பாய்ச்சி பல ஊர்களில் ஆயக்கட்டில் நிலமில்லாத தலித் குடும்பத்தவராக இருந்ததால்தான் தலைமடைக்கும் கடைமடைக்கும் நடுநிலையாக இருக்க முடிந்தது. அந்த நடுநிலைக்கு அவர் பெற்ற கூலி, களத்தில் கடைசியாக அளந்த நெல்லும் நிறைய அவமதிப்பும். இன்று அவர் பிள்ளைகள் அந்த வேலைக்கு வராததில் எந்த வியப்பும் இல்லை. ஆனால் அந்த இடம் காலியாகவே இருப்பதால் தலைமடைக்காரர் தானே ஷட்டரைத் திருகிக்கொள்கிறார்.

ஆகவே மீன், மரம் இரண்டின் வருமானத்தில் சங்கத்தின் கைக்கு வரும் பங்கிலிருந்து முதல் செலவாக நீர்ப்பாய்ச்சிக்கு மாதச் சம்பளம் ஒதுக்குங்கள். திருகுச் சாவி அவரிடம் மட்டும் இருக்கட்டும், சாதி பார்த்து ஆள் போட வேண்டாம். இரண்டாவதாக, குத்தகை முடிந்து மீன் அரித்தபின் கண்மாயை ஒரு நாள் எல்லோருக்கும் திறந்துவிடும் வழக்கம், அதாவது ஊத்தாவும் கச்சாவும் கொண்டு ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழா, உங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அதைக் குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை; நிலமில்லாத வீடுகளுக்குக் கண்மாயில் எழுதப்பட்ட ஒரே உரிமை அதுவாகத்தான் இருக்கும். வெளியூர்க் கீதாரியையும் கூட்டத்துக்கு அழையுங்கள். அறுவடைக்குப் பின் உங்கள் வயலில் கிடை போடுகிறவர் அவர், சித்திரையில் அவருடைய ஆடுகளுக்கு எந்த மட்டம் வரை தண்ணீர் வேண்டும் என்பதை அவரைத் தவிர வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். பெரும்பாலும் மடுத் தண்ணீரே அவருக்குப் போதும்.

கண்மாய் பாதிகூட நிறையாத ஆண்டுக்குத் தனி விதி வேண்டும், அதை நல்ல மழை பெய்த ஆண்டில் எழுத வேண்டும். இலங்கையின் வறண்ட மண்டலக் குளங்களில் பெத்ம என்றொரு முறை உண்டு: தண்ணீர் குறைந்த போகத்தில் குளத்துக்கு அருகிலுள்ள வயல்களை மட்டும் எல்லா உரிமையாளர்களும் தற்காலிகமாகப் பங்கிட்டுக்கொண்டு சாகுபடி செய்வார்கள், கடைமடை தரிசாகக் கிடந்தாலும் கடைமடைக்காரர் வெறுங்கையோடு நிற்பதில்லை. நம் ஊர்களில் அந்த அளவுக்குத் தலைமடைக்காரர் நிலத்தை விட்டுக்கொடுப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால் கார்த்திகை கடைசியில் மட்டம் இன்ன கோட்டுக்குக் கீழே இருந்தால் முறைப்பாசனம் கடைமடையிலிருந்து தொடங்கும் என்றோ, கடைமடை வயல்கள் அந்த ஆண்டு உளுந்துக்கு மாறும், அவற்றுக்குப் பராமரிப்புப் பங்கு இல்லை என்றோ எழுத முடியும். எழுபது நாளில் முடியும் உளுந்துக்கு நிலத்து ஈரமும் ஒன்றிரண்டு தண்ணீரும் போதும்.

தொடக்கத்துக்கு இந்த ஆடியில் மூன்று காரியம் செய்தால் போதும்: மெமாயர் நகல், மடைத்தூணில் கோடு, மடுவுக்குக் குச்சி. கோடு போடும்போது குத்தகைதாரர், கடைமடைக்காரர், கிணற்றுக்காரர், கீதாரி ஒவ்வொருவரும் தன் கையால் தன் நிறத்தில் போடட்டும். வெளுத்துப்போகும் டிஸ்டெம்பர் வாங்காதீர்கள், இரும்புக் கதவுக்கு அடிக்கும் எனாமல் வாங்குங்கள்; ஐப்பசித் தண்ணீருக்குள் மூழ்கித் தை மாதம் வெளியே வரும்போது கோடு அப்படியே இருக்க வேண்டும்.